முகமறியா வள்ளல்

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களில் பெருகி வருகின்றனர். மாதச் சம்பளமின்றி, கேட்பவர்க்குக் கேட்டதை எழுதிக் கொடுத்துப் பொருளீட்டும் இத்தொழிலுக்கு வேண்டிய திறன் யாது? விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நாகூர் வா. குலாம் காதிறு நாவலரின் (1833–1908) வாழ்வை நோக்கினாலே போதும்.

நாவலருக்கு முந்திய புலவர் பலர் வள்ளல்களை நம்பியே பாடினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரைச் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. வள்ளலின் உள்ளம் குளிர்ந்தால்தான் புலவர் வீட்டில் அடுப்பெரியும்.

நாவலர் வளர்ந்ததோ மாறுதலின் காலம். 1835இல் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அச்சும் அஞ்சலும் புகைவண்டியும் கூடியபோது, வாசகர் என்னும் முகமறியா வள்ளல் தோன்றினார். அவர் கொடுப்பது சிறு தொகை. பிடிக்காவிட்டால் சொல்லாமலே விலகிவிடுவார்.

இப்புதிய வள்ளலுக்கு எழுத நாவலரிடம் இருந்த முதல் என்ன? இலக்கணப் பயிற்சியே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். 'பொருத்த விளக்கம்' என்னும் இலக்கண நூலையும் இயற்றினார். அவ்வேர் ஆழப் பதிந்திருந்தமையால் கிளைகள் எத்திசையும் பரவின. நாகூர்ப் புராணமும் கலம்பகங்களும் பாடிய அவரே, கடல் கடந்து பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் பத்திரிகையை நடத்தினார். ஆங்கில நாவலாசிரியர் ரெனால்ட்ஸின் 'ஓமர்' என்னும் போர்க்கதையை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' எனத் தமிழாக்கினார். அரபுத் தமிழ் அகராதியும் தொகுத்தார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, அப்புலவர் அவையிலும் இடம் பெற்றார்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. புராணத்தைக் கேட்பவர் சபையில் அமர்ந்து, பொருள் விரிக்கக் கேட்பவர். பத்திரிகை வாங்குபவர் பார்த்தவுடன் பொருள் விளங்க வேண்டுமென்பவர். போர்க்கதை படிப்பவர் அடுத்த பக்கத்துக்கு விரைபவர். மூவர்க்கும் ஒரே நடை உதவாது. நடையை மாற்றத் தெரிந்தவர் நாவலர். ஆயினும் தமிழின் செம்மையை அவர் எங்கும் மாற்றவில்லை.

அரக்கோணத்தில் வீட்டிலிருந்தவாறே அயல்நாட்டு நிறுவனத்துக்கு எழுதித் தரும் வசதி இன்று வந்துவிட்டது. கணினியே நொடியில் கட்டுரை புனைந்து தருகிறது. இந்நிலையில் அரைகுறை எழுத்துக்கு யார் கூலி கொடுப்பார்? ஆகவே, இளைஞர்களே, ஒரு செய்தியையே முதியவர்க்கும், மாணவர்க்கும், வணிகர்க்கும் என மூவகையாக எழுதிப் பழகுங்கள். நாள்தோறும் ஒரு பக்கமேனும் மொழிபெயருங்கள். புதுச் சொற்களைக் குறித்து உங்களுக்கென ஓர் அகராதி தொகுத்து வாருங்கள். எழுதியதை வீட்டிலுள்ளோர்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம். ஆண்டையும் பெயரையும் சரிபாராமல் எதனையும் அனுப்பாதீர்கள்.

வள்ளல்கள் மாறுவர், வாகனங்களும் மாறும். வேரூன்றிய புலமையும் வாசகரை மதிக்கும் பண்பும் உடையவர்க்கு எக்காலத்தும் வேலையுண்டு.