தராசும் விமானமும்



கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொழும்புத் துறைமுகத்தில், 1950களின் நடுப்பகுதிவரை கப்பல்களுட் பல கரையை அணையாது நடுவிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்குகள் தோணிகளில் இறங்கிக் கரை சேர்ந்தன. நாட்டாமைகள் எனக் கொழும்பில் வழங்கப்பெறும் சுமையாளர் அவற்றைத் தோளிற் சுமந்து சென்றனர். ஒரு மூடை கூடினும் குறையினும் கப்பல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதிவழியே தெற்கு நோக்கிச் சென்றால் இரத்மலானை வரும். 1935இல் அங்கு முதல் விமானம் இறங்கியதிலிருந்து வேறொரு கணக்குத் தொடங்கிற்று. அஃது இறாத்தற் கணக்கு.

1938 பெப்ரவரியில் தாத்தா நிறுவனத்தின் விமானத் தபால் இந்தியாவிலிருந்து இங்கு வந்தது. கடிதம் இலேசானது, ஆதலால் வானிற் செல்வதற்கு ஏற்ற சரக்காயிற்று. போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குமிடையே பறந்த கற்றலினா விமானங்கள் பயணிகள் மூவரையும் 69 கிலோ தபாலையுமே ஏற்றின. எஞ்சிய எடையைப் பெரும்பாலும் எரிபொருளே கொண்டுவிட்டது!

நிற்க. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. இவ்வகை விமானம் தன் உடல், எண்ணெய், ஆட்கள், பெட்டிகள் யாவும் சேர்த்து ஏறக்குறைய 25,000 இறாத்தலுக்குமேல் ஏற்றலாகாது. அதற்கு வாற்சக்கரம் உண்டு. தரையில் நிற்கும்போது மூக்கு வானை நோக்கும். வால் நிலத்தைத் தொட்டாற்போல் தாழ்ந்திருக்கும். வாயிலோ பின்புறத்தில். ஆகவே உள்ளே செல்லும் ஒவ்வொரு பொதியையும் மேட்டில் ஏற்றுவதுபோல் முன்னோக்கித் தள்ளுதல் வேண்டும். களைத்த ஒருவர் வாயிலருகே பாரத்தைக் குவித்துவிட்டால் வாற்புறம் கனத்து, விமானம் வானில் நிலைதடுமாறும். துறைமுகத்தில் அயர்ந்தால் மூடை நனையும். இங்கு உயிர் போகும். பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்தும் வழக்கம் அந்நாளிற் பலவிடங்களில் இருந்தமைக்குக் காரணம் இதுவே. பருத்த உடலினர் சிலர் அதனை அவமதிப்பாகக் கொண்டிருக்கவுங் கூடும்.

சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என அவ்விமானங்களின் பெயர்களை வரலாறு போற்றி வைத்துள்ளது. அவற்றிற் பாரம் ஏற்றியவர் ஒருவரின் பெயரையேனும் யான் எந்நூலிலும் கண்டிலேன். இது நம் வரலாற்றாசிரியர்களின் குறையேயன்றி அவ்வுழைப்பாளரின் குறையன்று.

1957 நவம்பரில் பிரித்தானிய விமானப்படை கட்டுநாயக்காவை விட்டகன்றது. பின்னர் பெரிய ஜெட் விமானங்களின் வரவோடு வெளிநாட்டுப் போக்குவரத்து அங்கு பெயர்ந்தது. 1979இல் எயார் லங்கா தோன்றியது. 1990களின் இறுதியில் அது ஸ்ரீலங்கன் எனப் பெயர் பெற்று, பிறநாட்டு விமானங்களுக்கும் தரைப்பணி புரிந்து வந்துள்ளது. மேடேறிப் பொதி தள்ளும் நிலை மறைந்து, பெருங் கொள்கலன்களை இயந்திரங்கள் உயர்த்துகின்றன. எனினும் எவ்வளவு பாரம், எவ்விடத்தில் என்ற விவரம் விமானிக்கு எட்டியபின்னரே இன்றும் விமானம் மேலெழுகின்றது.