ஒரு கரும்புள்ளியின் பயணம்

ஒரு வட்டம், அதற்குள் ஒரு கரும்புள்ளி. வட்டத்திலிருந்து புறப்படும் அம்பு ஒரு சிறு கட்டத்தைத் தொடுகிறது. கட்டத்திலிருந்து வேறோர் அம்பு அடுத்த வட்டத்துக்குப் போகிறது. வட்டம் என்பது ஒரு நிலைமை, கட்டம் என்பது ஒரு நிகழ்வு. ஒரு கட்டத்துக்குள் வந்துசேரும் வட்டங்கள் எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால் அந்த நிகழ்வு நடக்கலாம். நடந்ததும் பழைய வட்டங்களின் புள்ளிகள் மறைந்து, அடுத்த வட்டங்களில் புதிய புள்ளிகள் விழும். விதி இவ்வளவுதான். இதற்குப் பெட்ரி வலை என்று பெயர். பல வேலைகள் ஒரே வேளையில் நடக்கும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்ல இதைவிட நேர்மையான படத்தை நான் கண்டதில்லை.

புள்ளி பிறந்த ஊர் ஜேர்மனி. 1926இல் லைப்சிக் நகரில் பிறந்த கார்ல் அடம் பெட்ரி, 1939 ஆகஸ்டில், பதின்மூன்று வயதில், இரசாயனத் தாக்கங்களை எழுதிவைக்க இந்தக் குறிமுறையைக் கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே உலகப்போர் மூண்டது. 1962இல் வெளிவந்த அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில்தான் அதற்குப் பின்னாலிருந்த எண்ணம் முழு உருவம் பெற்றது. அந்நாளைய கணினிக் கோட்பாடு, இயந்திரம் முழுவதற்கும் ஒரே மணிக்கூடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தது. பெட்ரி அதை மறுத்தார். ஒளியின் வேகத்தை மிஞ்சி எந்தச் சமிக்ஞையும் போக முடியாது. ஆகவே இயந்திரம் வளர வளர ஒரு மூலையின் துடிப்பு மறு மூலைக்குச் சேரத் தாமதமாகும், ஒற்றை மணிக்கூடு ஒரு கட்டத்தில் தோற்கும். ஒவ்வொரு பகுதியும் தன் அயலோடு மட்டும் பேசிக்கொண்டு இயங்கினால், இயந்திரத்தை எவ்வளவுக்கும் நீட்டலாம். அமெரிக்காவில் அனட்டோல் ஹோல்ட் இந்த ஆய்வைப் பரப்பி, வலைக்குப் பெட்ரியின் பெயரையே சூட்டினார்.

இங்கே, கிழக்கிலங்கையின் வினாயகபுரம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குப் பெட்ரி சொன்னது உடனே விளங்கும். தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. கயிற்றின் ஒரு தலைப்பு வடக்கே, மற்றது தெற்கே. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். வடக்கே கடைசி ஆள் கயிற்றை விட்டு அலைவாய்க்கு வந்து மறுபடி பிடித்தது முதலிலா, தெற்கே ஒருவர் அதைச் செய்தது முதலிலா? அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ஆனால் வலையின் மடி கரையேறுவது அப்படியல்ல. அதற்கு இரண்டு பக்கமும் வந்து முடிந்திருக்க வேண்டும். பெட்ரி வலையில் இதை எழுதினால் தனித்தனியாக ஓடும் இரண்டு புள்ளிகளும், கடைசியில் இரண்டுக்கும் காத்திருக்கும் ஒரு கட்டமும் வரும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒன்றையொன்று சாராத 10 நிகழ்வுகளை 'எது முன், எது பின்' என்று வரிசைப்படுத்தப் புகுந்தால் 36,28,800 வரிசைகள் கிடைக்கும். வலையாக வரைந்தால் 10 கட்டங்கள், ஒரு காகிதத்தில் அடங்கிவிடும். அந்த முப்பத்தாறு இலட்சத்துச் சொச்சமும் நாமே இல்லாத வரிசையை ஏற்றிச் சொன்னதால் வந்த சுமை.

இந்தப் புள்ளியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பி. எஸ். தியாகராஜன். சென்னை ஐஐடியில் 1970இல் மின்பொறியியல் பட்டம், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1973இல் கலாநிதிப் பட்டம். எம்ஐடியில் சில காலம் இருந்துவிட்டு, பொன் நகருக்கு அருகே பெட்ரி பணிபுரிந்த அதே ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஹார்ட்மான் கென்ரிக்கோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு இன்னும் படிக்கப்படுகிறது. அடுத்தது டென்மார்க்கின் ஆர்ஹுஸ். அங்கே மோகன்ஸ் நீல்சனோடு தொடங்கிய கூட்டு பல பத்தாண்டுகள் நீடித்தது.

எண்பதுகளின் நடுவில் அவர் சென்னைக்குத் திரும்பியதைத்தான் இந்தப் பயணத்தின் பெரிய திருப்பமாக நான் நினைக்கிறேன். ஐரோப்பாவிலேயே இருந்திருந்தாலும் அவர் பெயர் பெற்றிருப்பார். ஆனால் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும், பிறகு சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய, இன்று சென்னைக் கணிதவியல் நிறுவனம் என்று அறியப்படும் பள்ளியிலும் ஒரு கோட்பாட்டுக் கணினியியல் பரம்பரை உருவாகியிருக்காது. அதற்கு வேர் ஊன்றியவர்களில் அவர் முதன்மையானவர். தொலைபேசி வலையமைப்புகளில் செய்திகள் போய்வரும் ஒழுங்கை வரையும் படங்களுக்கு மாதவன் முகுந்த், நாராயண் குமார், மிலிந்த் சோஹோனி முதலியோருடன் அவர் அமைத்த கோட்பாடு அங்கிருந்து வந்தது. பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உயிரணுக்களுக்குள் நடக்கும் தாக்கத் தொடர்களையும் ஆராய்ந்தார். பெட்ரியின் புள்ளி ஒருவகையில் இரசாயனத்துக்கே திரும்பியது.

அவருக்கு அறுபது வயதானதையொட்டி 2008இல் சென்னையில் ஓர் ஆய்வரங்கு நடந்தது. கட்டுரைகளை கமல் லோடயா, மாதவன் முகுந்த், ஆர். ராமானுஜம் மூவரும் தொகுத்தார்கள். 2009இல் அது நூலானது. மூவரில் ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்து, பிள்ளைகளுக்கு அறிவியலைத் தமிழில் கொண்டுபோனவர். நம் ஊர்களில் மணிவிழா என்றால் மாலையும் பொன்னாடையும் வாழ்த்துப்பாவும்தான். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஓர் ஆய்வாளருக்கு அவர் துறையின் புதிய தேற்றங்களையே கையுறையாகக் கொடுப்பது எவ்வளவு அழகான மரபு! 'உங்கள் கேள்விகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன' என்று அதற்கு அர்த்தம்.

அப்படி உயிரோடிருந்த கேள்விகளில் ஒன்று அவர் தொண்ணூறுகளில் முன்வைத்த ஊகம். ஒரு வலையை ஓடவிட்டால் நடக்கக்கூடிய நிகழ்வுகள் எல்லையில்லாமல் கிளைவிட்டுப் போகும். எது எதற்குக் காரணம், எது எதோடு சேர்ந்து நடக்காது என்ற உறவுகளோடு அந்த விரிவை எழுதினால் அது நிகழ்வுக் கட்டமைப்பு. அதன் எந்த இடத்தில் நின்று முன்னே பார்த்தாலும் தெரியும் எதிர்காலங்கள் ஒரு சில வடிவங்களுக்குள் அடங்கினால், அதை ஒழுங்கானது என்பார்கள். அப்படி ஒழுங்கான ஒவ்வொரு கட்டமைப்புக்கும் பின்னால், வட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் தங்காத, முடிவுள்ள ஒரு பெட்ரி வலை இருந்தே தீரும் என்று தியாகராஜன் எண்ணினார். ஒரே வரிசையில் ஓடும் இயந்திரங்களுக்கு இதையொத்த உண்மை நெடுநாளாகத் தெரியும். நிகழ்வுகள் ஒன்றோடொன்று மோதாத வகைக்கு அவரும் நீல்சனும் 2002இல் நிறுவியும் காட்டினார்கள்.

2017இல் ஊகம் விழுந்தது. மார்செயில் பணிபுரியும் ஜெரமி ஷலோபான், விக்டர் செபோய் இருவரும் எதிரெடுத்துக்காட்டு ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு வேண்டிய கல் கணினியியலில் கிடைக்கவில்லை. வடிவியலாளர் டானியல் வைஸ், சதுரங்களை ஒட்டிச் செய்த ஒரு வெளியில் கிடைத்தது. அந்த வெளியை எவ்வளவு தூரம் விரித்தாலும் ஒருபோதும் திரும்பி வராத ஒரு கோலம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து கட்டிய நிகழ்வுக் கட்டமைப்பில் எதிர்காலத்தின் வடிவங்கள் ஒரு சிலதான். ஆனாலும் எந்த முடிவுள்ள வலையாலும் அதைப் பிடித்துவைக்க முடியாது.

இதைத் தியாகராஜனின் தோல்வி என்று எண்ணுவது பிழை. அற்பமான கேள்விகளை யாரும் இருபது வருடம் துரத்துவதில்லை. அவருடைய ஊகம் கணினியியலையும் வடிவியலையும் ஒரே மேசையில் இருத்தியது. எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதமேதை இராமானுஜன் கதையை எத்தனை முறை சொல்கிறோம்! உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்கு, ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைக்கு, இந்தக் கதையையும் தமிழில் சொல்ல வேண்டும். மென்பொருள் வடிவமைப்பில் அவர்கள் வரையப்போகும் செயற்பாட்டு வரைபடங்களில் ஓடுவதும் பெட்ரியின் புள்ளிதான்.

ஷலோபானும் செபோயும் எதிரெடுத்துக்காட்டோடு நிற்கவில்லை. எந்த நிகழ்வுக் கட்டமைப்புகள் முடிவுள்ள வலைகளிலிருந்து பிறக்கின்றன என்று தேடியவர்களுக்கு, பிரெடெரிக் ஹக்லுண்டும் வைஸும் 'சிறப்பு' எனப் பெயரிட்ட கனசதுர வெளிகளில் விடை கிடைத்தது. வட்டத்துக்கு ஒரு புள்ளி தாங்கும் முடிவுள்ள வலைகளும் அந்த முடிவுள்ள வெளிகளும் ஒன்றுக்கொன்று நிகர் என்று காட்டினார்கள். ஹக்லுண்டும் வைஸும் அந்த வெளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சானதும், தியாகராஜனுக்கு ஆய்வரங்கு நடந்த அதே 2008இல்தான். முப்பரிமாண வெளிகளைப் பற்றிய பெரும் புதிர் ஒன்றை இயன் அகோல் விடுவித்தபோதும் அதே வெளிகள்தான் அவருக்குக் கைகொடுத்தன.