நீருக்குள் கையும் தரையில் எடையும்

எடை தூக்கிப் பயிலும் நீச்சல் வீரரின் தசைகள் வலுப்பெறும் என்பதில் ஐயமில்லை. அவ்வலிமை நீரில் அவரை விரைந்து செலுத்துமா என்பதுதான் கேள்வி.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். ஓர் இரும்புக் குண்டைத் தூக்கத் தொடங்கும்போது அதை முடுக்கக் கூடுதல் விசை வேண்டும். நகரத் தொடங்கியபின் அதன் உந்தமே துணைக்கு வருகிறது. இயக்கத்தின் பிற்பகுதியில் தசைக்கு வேலை குறைவு. நீரின் போக்கு வேறு. நீந்துபவரை எதிர்க்கும் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடிக்கு. வேகத்தை 10 சதவீதம் கூட்ட ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும்! கையை விரைந்து இழுத்தால் நீர் வலுவாக எதிர்க்கும். மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கும். இரும்புக் குண்டுக்கு இந்தக் குணம் கிடையாது.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1957 முதல் 1990 வரை பயிற்சியாளராக இருந்தவர் ஜேம்ஸ் கவுன்சில்மன். வீரர்களின் கைகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருட்டாக்கிய குளத்தில் நீருக்கடியில் படமெடுத்தார். கை துடுப்பைப்போல் நேராகப் பின்னோக்கிச் செல்லும் என்று பலர் எண்ணியிருந்தனர். படத்தில் பதிந்த ஒளிக்கோடுகளோ வளைந்து நெளிந்திருந்தன. விமான இறக்கையைப் போலக் கை செயற்படுகிறது என்று பெர்னூலி தத்துவத்தைக் கொண்டு 1971இல் அவர் விளக்கம் தந்தார். இவ்விளக்கம் அப்படியே நிலைக்கவில்லை. உந்தலில் தடைவிசைக்கும் பெரும்பங்கு உண்டு எனப் பின்னர் தெரிந்தது. வளைந்த பாதை மட்டும் மெய்யாகவே நின்றது.

தரைப் பயிற்சியிலும் நீரின் குணத்தைக் கொண்டுவர அவர் விரும்பினார். ஹிஸ்லாப், பெரின் என்ற இருவர் 1967இல் விவரித்த சமவேகப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. எவ்வளவு பலமாக இழுத்தாலும் இக்கருவி குறித்த வேகத்தை மீற விடாது. இழுக்கும் அளவுக்கே எதிர்க்கும். குண்டின் உந்தம் இங்கே இல்லை. எனினும் நீருக்குள் கையின் வேகம் ஓரிழுப்பிலேயே மாறுகிறது. ஆகவே இது நீரின் முழு நகல் அன்று.

கவுன்சில்மனின் மாணவர் மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றார், ஏழும் உலகச் சாதனைகள். இதைக் கருவியின் கணக்கில் எழுதிவிடலாமா? அத்தகைய திறமைசாலியிடம் எது எதனால் விளைந்தது என்று பிரிப்பது எளிதன்று.

டேவிட் காஸ்டிலின் குழு 1982இல் கைகளின் திறனைத் தரைக் கருவியில் அளந்தது. அதற்கும் 25 கெஜ விரைவு நீச்சலுக்கும் இடையே 0.90 என்ற உயர்ந்த ஒட்டுறவு தெரிந்தது. தரையில் திறனை வளர்த்தால் போதும் என்று தோன்றுகிறதல்லவா? காஸ்டிலும் பங்குகொண்ட 1993ஆம் ஆண்டு ஆய்வு அதைச் சோதித்தது. 24 வீரர்களில் பாதிப்பேர் நீச்சலோடு எடைப் பயிற்சியும் செய்தனர். அவர்கள் தூக்கிய எடை 25 முதல் 35 சதவீதம் வரை கூடிற்று. நீச்சலிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை!

நெதர்லாந்தில் ஹூப் தூசாங் வேறு வழி கண்டார். நீருக்குள் வரிசையாகப் பொருத்திய அசையாத பட்டைகளைக் கையால் தள்ளி நீந்தச் செய்தார். 1990இல் வெளியான அவரது சோதனையில், 10 வாரம் இவ்வாறு பயின்றோரின் விசை 3 சதவீதமே கூடியது. திறன் 7 சதவீதம் உயர்ந்தது. பந்தய நேரமும் குறைந்தது. இவர்கள் வலிமை பெற்ற இடம் தரையன்று, குளம்.