சினைப்பையில் பி.ஆர்.பி: ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

ஆண்டாளுக்கு நேர்ந்துகொள்ள ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போகும்போது சித்தி மகள் கேட்டாள்: "அண்ணே, என் ரத்தத்தையே எடுத்து சினைப்பையில ஊசியா போட்டா முட்டை ஊறுமாம். நகையை அடகு வைக்கட்டுமா?" நான் டாக்டர் இல்லை; பழைய பேப்பர்களைத் தோண்டுறவன். தோண்டினேன்.

ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுப்பதுதான் பி.ஆர்.பி. 1998இல் ராபர்ட் மார்க்ஸ் குழு தாடை எலும்பு ஒட்டுக்குப் பயன்படுத்தியபின் புகழ்பெற்றது. பிறகு மூட்டுவலி, முடி உதிர்வு என்று பரவியது.

சினைப்பைக்கு வந்த கதை வேறு. பிறக்கும்போது இருக்கும் முட்டைகளோடு சரி, புதிதாக உருவாகாது என்பது 1951இல் ஸூக்கர்மன் நிலைநிறுத்திய கருத்து. 2004இல் ஜோனதன் டில்லி குழு எலி ஆய்வால் அதை அசைத்தது; அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2016இல் கிரேக்க மருத்துவர் பாண்டோஸ் குழு சினைப்பையில் பி.ஆர்.பி செலுத்தியதை அறிவித்தது. எட்டே பெண்கள், ஒப்பிட ஊசி போடாத குழு கிடையாது.

ஆனா நம்பிக்கை ஆதாரத்தைவிட வேகமா ஓடிருச்சு. 2023இல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. 2024இல் வெளியான, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த அமெரிக்கச் சோதனையிலும் முதிர்ந்த முட்டைகள் கூடவில்லை.

சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்த பெண்களிலும் சிலர் சிகிச்சை இல்லாமலே கருத்தரிப்பதுண்டு. அதனால தங்கச்சிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "டாக்டர், என்னை மாதிரி இருந்து ஊசி போடாதவங்கள்ல எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்துச்சு?" பதில் வந்தபிறகு நகையைப் பத்திப் பேசலாம்.