மகதலேனா மரியாள்: நூலில் இல்லாத ஒரு பழியின் வரலாறு

விவிலியத்தை ஒருமுறையேனும் முழுமையாக வாசித்திராத ஒருவரிடம்கூட மகதலேனா மரியாள் யார் என்று கேட்டால் தயக்கமின்றி விடை கிடைக்கும். விலைமாதாக வாழ்ந்து, இயேசுவின் காலடியில் கண்ணீர் சொரிந்து, தமது கூந்தலால் அவருடைய பாதங்களைத் துடைத்து மனந்திரும்பியவர் என்பதே அந்த விடை. தவக்காலப் பிரசங்கங்களும், பாடுகளின் நாடகங்களும், திரைப்படங்களும் இதையே நமக்குச் சொல்லி வந்திருக்கின்றன. இந்த விடையில் ஒரேயொரு குறைதான் உண்டு. நான்கு சுவிசேஷங்களில் எதிலும் அப்படி எழுதப்பட்டிருக்கவில்லை.

எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். 'மகதலேனா' என்னும் அடைமொழியோடு மரியாளின் பெயர் நான்கு சுவிசேஷங்களிலுமாக 12 இடங்களில் வருகின்றது. அவற்றுள் 11 இடங்கள் சிலுவை, அடக்கம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றோடு தொடர்புடையவை. ஆண் சீடர்கள் சிதறி ஓடிய வேளையில் சிலுவையைப் பார்த்து நின்றவர்களுள் அவர் ஒருவர். உடல் எந்தக் கல்லறையில் வைக்கப்பட்டது என்பதை இருந்து பார்த்தவர். விடியும் முன்பே கல்லறைக்குச் சென்றவர். யோவானின் 20ஆம் அதிகாரத்தின்படி உயிர்த்தெழுந்த இயேசுவை முதலிற் கண்டவரும், அச்செய்தியைச் சீடர்களிடம் கொண்டுசெல்லுமாறு பணிக்கப்பட்டவரும் அவரே. கிறிஸ்தவ சமயம் எந்தச் செய்தியின் மீது எழுந்து நிற்கின்றதோ அந்தச் செய்தியை முதன்முதலில் வாய்திறந்து சொன்னவர் ஒரு பெண்; அவர் இந்த மரியாள்.

எஞ்சிய ஓர் இடம் லூக்காவின் 8ஆம் அதிகாரத் தொடக்கம். இயேசுவோடு ஊர் ஊராகச் சென்ற பெண்களின் பெயர்களை லூக்கா அங்கே தருகின்றார். ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலேனா மரியாள், ஏரோதுவின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இன்னும் பலர். இவர்கள் தங்கள் சொந்த உடைமைகளைக்கொண்டு அந்தக் குழுவினரின் தேவைகளைக் கவனித்தார்கள் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கின்றது. அதாவது, செலவுக்குப் பணம் கொடுத்தவர்களுள் ஒருவராகவே மரியாள் முதன்முதலில் அறிமுகமாகின்றார். இந்த வசனத்தை மையமாக வைத்து ஒரு பிரசங்கம் நிகழ்ந்ததை நான் கேட்டதில்லை.

அப்படியானால் விலைமாது எங்கிருந்து வந்தார்?

லூக்காவின் 7ஆம் அதிகாரத்தின் இறுதியில் சீமோன் என்ற பரிசேயரின் வீட்டு விருந்து ஒன்று வருணிக்கப்படுகின்றது. அந்த ஊரில் 'பாவி' என்று பெயரெடுத்த ஒரு பெண் அங்கே வந்து, கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்து, கூந்தலால் துடைத்து, பரிமளதைலம் பூசுகின்றார். அவருக்குப் பெயர் இல்லை. ஊருக்கும் பெயர் இல்லை. யோவானின் 12ஆம் அதிகாரத்தில் வேறொரு விருந்து. அது எருசலேமுக்கு அருகே பெத்தானியாவில், லாசருவும் மார்த்தாவும் இருந்த விருந்து. அங்கே அவர்களுடைய சகோதரி மரியாள் இயேசுவின் பாதங்களில் தைலம் பூசிக் கூந்தலால் துடைக்கின்றார். மாற்குவின் 14ஆம் அதிகாரத்தில், அதே பெத்தானியாவில், குஷ்டரோகி சீமோனின் வீட்டில், பெயர் குறிப்பிடப்படாத பெண் ஒருவர் இயேசுவின் தலையில் தைலத்தை ஊற்றுகின்றார்.

குழப்பத்துக்கான விதைகள் இங்கேயே கிடக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சீமோன் என்று பெயர். இரண்டு பெண்கள் கூந்தலால் துடைக்கின்றார்கள். இரண்டு பெண்களுக்கு மரியாள் என்று பெயர். அக்காலத்துப் பலஸ்தீன யூதப் பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மரியாள் என்ற பெயர் இருந்தது என்று பெயர்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிடுகின்றனர். அதனால்தான் சுவிசேஷகர்கள் ஒவ்வொரு மரியாளையும் மகன், கணவன், ஊர் என்று ஏதேனும் ஓர் அடைமொழியோடு பிரித்துக் காட்டினார்கள். பெத்தானியா ஒரு மரியாளின் ஊர், மகதலா மற்றவருடையது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். லூக்காவோ, பாவியான பெண்ணின் கதையை முடித்த கையோடு, அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் மகதலேனாவைப் புதியவராக அறிமுகம் செய்கின்றார். இருவரும் ஒருவரே என்றிருந்தால் மூன்று வசனங்களுக்கு முன்பே பெயரைச் சொல்லியிருக்க அவருக்கு என்ன தடை?

அந்தப் பெயரற்ற பெண்ணைக்கூட லூக்கா விலைமாது என்று சொல்லவில்லை. அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'ஹமார்தோலொஸ்'. பொதுவாகப் பாவி என்று பொருள்படுவது. வலை கிழியுமளவுக்கு மீன் அகப்பட்டபோது பேதுரு இயேசுவின் முழந்தாளில் விழுந்து தம்மைப் பாவி என்று சொல்லிக்கொள்கின்றாரே, 5ஆம் அதிகாரத்தில், அங்கேயும் இதே சொல்தான். பேதுருவின் பாவம் எத்தகையது என்று யாரும் ஊகித்ததில்லை. விலைமாதைக் குறிக்கும் 'போர்னே' என்ற சொல் லூக்காவுக்குத் தெரியாததும் அன்று. கெட்ட குமாரன் கதையில் மூத்த மகனின் வாயில் அதை வைத்திருக்கின்றார். ஆணின் பாவம் பொதுவானதாகவும் பெண்ணின் பாவம் உடல் சார்ந்ததாகவும் வாசிக்கப்படுவது வாசகரின் மனத்தில் நிகழும் காரியம்.

ஏழு பேய்களின் கதையும் இப்படிப்பட்டதே. சுவிசேஷங்களில் பேய் பிடித்தவர்கள் ஊமைகள், வலிப்புக்காரர்கள், கல்லறைகளிடையே அலைந்தவர்கள், அதாவது நோயுற்றவர்கள். ஒழுக்கக் கேட்டுக்கு அடையாளமாகப் பேய் அங்கே ஓரிடத்திலும் வருவதில்லை.

மூன்று பெண்களையும் அதிகாரபூர்வமாக ஒருவராக்கியவர் பாப்பரசர் முதலாம் கிரகோரியார். கி.பி. 591இல் ரோமாபுரியின் புனித கிளெமெந்து ஆலயத்தில் ஆற்றிய பிரசங்கத்தில், லூக்காவின் பாவியான பெண்ணும், யோவானின் மரியாளும், மாற்கு குறிப்பிடும் ஏழு பேய்கள் நீங்கிய மரியாளும் ஒருவரே என்று அவர் கூறினார். அந்த ஏழு பேய்களும் எல்லாத் தீயொழுக்கங்களையும் குறிப்பன என்றார். காலில் பூசிய தைலம் முன்னர் அந்தப் பெண் தமது உடலுக்கு வாசனையூட்டப் பயன்படுத்தியது என்றும் விளக்கினார். நூலில் இல்லாத தொழில் ஒன்று இவ்வாறு அவருக்குக் கிடைத்தது.

கிரகோரியாரைக் கெட்ட எண்ணம் கொண்டவராகச் சித்திரிப்பது நியாயமாகாது. அவருக்கு முன்னிருந்த பாப்பரசரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. லொம்பார்டியரின் படைகள் இத்தாலியில் நின்றன, நகரில் பசி. அச்சத்தில் உறைந்திருந்த மக்களுக்கு, எவ்வளவு பெரிய பாவிக்கும் மன்னிப்பு உண்டு என்று காட்ட அவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. போதகரின் தேவை நல்லது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று தவறானது. அவருடைய பெயருக்கு இருந்த மதிப்பினால் அந்தப் பிரசங்கம் மேற்குத் திருச்சபை முழுவதற்கும் விதியாயிற்று. அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படாத கிழக்குத் திருச்சபையினர் மூன்று பெண்களையும் பிரித்தே வைத்திருந்தனர். அவர்களிடையே மகதலேனா அப்போஸ்தலர்களுக்கு ஒப்பானவர்.

பின்னர் வந்தவை அனைத்தும் இதன் மேற் கட்டியவை. பாலைவனத்தில் தவமிருந்த எகிப்தின் மரியாளின் கதையும் இவரோடு ஒட்டிக்கொண்டது. பிரான்சின் தென்கரைக்குக் கப்பலில் வந்து குகையில் வாழ்ந்தார் என்ற கதை பிறந்தது. ஓவியர்கள் அவிழ்ந்த கூந்தலையும் பாதி மூடிய உடலையும் வரைந்து தள்ளினார்கள். பக்தியின் பெயரால் வரையப்பட்ட அப்படங்களில் பலவற்றைப் பார்த்தால் பக்தியைத் தவிர மற்றெல்லாம் தென்படும்.

மூல நூலுக்குத் திரும்பிப் பார்த்து முதலில் உரத்துக் கேள்வி எழுப்பியவர் பிரெஞ்சு அறிஞர் ழாக் லெஃபெவ்ர் தெதாப்பிள். இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள் என்று 1517இல் அவர் எழுதினார். லூத்தர் தமது வாதங்களை வெளியிட்ட அதே ஆண்டு. இங்கிலாந்தின் ஆயர் ஜோன் ஃபிஷர் மறுப்பு நூல் எழுதினார். 1521இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் பீடம் லெஃபெவ்ரின் கருத்தைக் கண்டனம் செய்தது. வேதம் ஒன்றே போதும் என்று முழங்கிய புரொட்டஸ்தாந்தியராவது பழைய கதையைக் கைவிட்டார்களா என்றால், அதுவும் முழுமையாக நிகழவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், லூக்காவின் 7ஆம் அதிகாரத்துக்கு மேலே இடப்பட்ட சுருக்கத்தில் மகதலேனா மரியாளின் பெயர் இருக்கின்றது. கீழே உள்ள அதிகாரத்தில் இல்லை. செய்தியில் இல்லாததை உதவி ஆசிரியர் தலைப்பில் ஏற்றிவிடுவதைப் பத்திரிகைக் காரியாலயங்களில் இருந்தவர்கள் அறிவார்கள். தலைப்பை மட்டும் படிப்பவர்களே என்றும் அதிகம்.

இது நூலறிஞர்களின் வாதம் மட்டுமே என்றால் இத்தனை நீளமாக எழுதத் தேவையில்லை. 'மகதலேன்' என்ற பெயர் 'வழிதவறிய' பெண்களுக்கான இல்லங்களுக்குச் சூட்டப்பட்டது. 1758இல் லண்டனிலும் 1767இல் டப்ளினிலும் தொடங்கிய இவ்வில்லங்கள், அயர்லாந்தில் நாளடைவில் கன்னியர் மடங்கள் நடத்திய சலவையகங்களாயின. அங்கே விலைமாதர் மட்டும் அடைக்கப்படவில்லை. மணமாகாமல் தாயானவர்கள், அநாதைச் சிறுமிகள், குடும்பத்துக்கு வேண்டாதவர்கள், வீட்டில் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று பலரும் கூலியின்றித் துணி வெளுத்தார்கள். 1993இல் டப்ளினில் ஒரு மடத்தின் நிலம் விற்கப்பட்டபோது 155 பெண்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. கடைசிச் சலவையகம் 1996இல்தான் மூடப்பட்டது. 1922க்குப் பின்னர் ஏறத்தாழ 10,000 பெண்கள் அங்கே இருந்ததாக 2013இல் அரசின் விசாரணை அறிக்கை கூறியது. அவ்வாண்டு பெப்ரவரி 19ஆம் திகதி பிரதமர் எண்டா கென்னி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இக்கொடுமைக்கு ஒரு பிரசங்கமே காரணம் என்று சொல்லமாட்டேன்; வறுமையும், குடும்ப கௌரவமும், அரசின் அலட்சியமும் காரணங்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் அழுது கழிக்கவேண்டிய பெண் என்ற உருவத்தை அவற்றுக்கு இரவல் கொடுத்தது அந்தப் பிரசங்கம்.

கத்தோலிக்கத் திருச்சபை தனது நிலைப்பாட்டை 1969இல் மாற்றியது. அவ்வாண்டின் வழிபாட்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தில், யூலை 22ஆம் திகதி நினைவுகூரப்படுபவர் உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மரியாள் மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. அந்நாளின் சுவிசேஷ வாசகம் லூக்கா 7இலிருந்து யோவான் 20க்கு மாறியது. தவறு நேர்ந்து 1378 ஆண்டுகளின் பின்னர் வந்த திருத்தம். அதுவும் உட்பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் வந்த திருத்தம். பொதுமக்களிற் பெரும்பாலோர் அதை அறியவேயில்லை. 2016 யூனில், பாப்பரசர் பிரான்சிஸின் விருப்பத்தின்படி, அந்த நினைவுநாள் அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது. அப்போஸ்தலர்களுக்கே அப்போஸ்தலர் என்ற இடைக்காலப் பட்டம் அவருக்கு அப்போது மீண்டும் வழங்கப்பட்டது.

இதற்கிடையில் மறுபக்கத்துக் கற்பனையும் கொடிகட்டிப் பறந்தது. 2003இல் வெளியான டான் பிரவுணின் 'டாவின்சி கோட்' நாவல் மரியாளை இயேசுவின் மனைவியாக்கிற்று. 2006இல் அதன் திரைப்படத்துக்கு இலங்கையில் ஜனாதிபதியின் உத்தரவினால் தடை விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசு தடை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைப் பின்னர் நீக்கியது. மனைவி என்ற கதைக்கும் சுவிசேஷங்களில் ஆதாரம் இல்லை. ஆனால், ஆதாரமில்லாத ஒரு கதைக்காகக் கொதித்தவர்கள் ஆதாரமில்லாத மற்றக் கதையைத் தவக்காலந்தோறும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது விந்தை. விலைமாது என்றாலும் மனைவி என்றாலும் ஓர் ஆணின் உடலைச் சார்ந்தே அவருக்கு இடம் தரப்படுகின்றது. பணம் கொடுத்தவர், சிலுவையடியில் நின்றவர், செய்தி சொன்னவர் என்பன இரண்டு கதைகளிலும் பின்னே போய்விடுகின்றன.

அவருடைய சாட்சியத்தின் மதிப்பு தொடக்கத்திலிருந்தே சிக்கலுக்குரியதாக இருந்தது. பெண்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்று முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசேபுஸ் எழுதுகின்றார். பெண்கள் சொன்னதைச் சீடர்கள் வீண்பேச்சென்று தள்ளினார்கள் என்று லூக்காவே ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களைப் பவுல் வரிசைப்படுத்துகின்றார். அங்கே மரியாளின் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுஸ், வெறிபிடித்த ஒரு பெண்ணின் பேச்சை நம்பியவர்கள் என்று ஏளனம் செய்தான். அந்தப் பெண் விலைமாது என்று அவன் சொன்னதாக எங்கும் இல்லை. மௌனத்திலிருந்து வாதிடுவதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் அப்படியொரு பேச்சு அன்று ஊரில் உலாவியிருந்தால் பகைவன் அதை விட்டுவைத்திருப்பானா?

அவருடைய ஊரைப் பற்றியும் இப்போது கூடுதலாகத் தெரியும். கலிலேயக் கடலின் மேற்குக் கரையில் இருந்த மகதலா, மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலில் செழித்த பட்டினம் என்று கருதப்படுகின்றது. கிரேக்கர் அதற்கிட்ட பெயரே உப்பிட்ட மீனைக் குறிப்பது. அங்கே 2009இல் விடுதி ஒன்றுக்கு அத்திவாரம் தோண்ட முற்பட்டபோது, முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெப ஆலயம் ஒன்றின் இடிபாடுகள் வெளிப்பட்டன. அதன் நடுவே, ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கிய ஒரு கல்லும் கிடைத்தது. எருசலேம் ஆலயம் இடிக்கப்படுவதற்கு முன்னர் செதுக்கப்பட்ட கல் அது. 2021இல் அதே ஊரில் இரண்டாவது ஜெப ஆலயமும் கண்டுபிடிக்கப்பட்டது.