வளர்ப்புக் குடும்பத்திலிருந்து பெற்றோரிடம்: குழந்தை வீடு திரும்ப சட்டம் சொல்லும் வழி

புதுடெல்லி: பெற்றோரால் பராமரிக்க இயலாத குழந்தையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வளரச் செய்யும் வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு அன்று. பெற்றோரின் உறவு அதனால் அறுந்துவிடுவதில்லை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 44ஆவது பிரிவின்படி, பெற்றோர் அவ்வப்போது குழந்தையைச் சந்திக்கலாம். சந்திப்பு குழந்தையின் நலனுக்கு ஏற்றதல்ல என்று குழந்தைகள் நலக் குழு கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் பராமரிக்கத் தகுதி பெற்றுவிட்டதாகக் குழு முடிவு செய்தால், குழந்தை வீடு திரும்பலாம்.

தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட இக்குழு பெரிதும் நம்பியிருப்பது சமூகப் பணியாளரின் விசாரணை அறிக்கையைத்தான். குழந்தை வீட்டை விட்டு வந்த காரணம், குடும்பத்தின் வருமானம், வீட்டில் குடிப்பழக்கமோ அடிதடியோ உண்டா, குழந்தையின் விருப்பம் என்ன ஆகியவை நேரில் கேட்டறியப்படுகின்றன. முதற்கட்ட சமூக விசாரணைக்குச் சட்டம் அளிக்கும் காலம் 15 நாள்கள் மட்டுமே.

டெல்லியில் இப்பணி மேலும் கடினமானது. உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்துசேரும் சிறுவர்களின் வீடு பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 1988இல் தொடங்கப்பட்ட சலாம் பாலக் அறக்கட்டளை, ரயில் நிலையச் சிறுவர்களிடையே பணியாற்றி வருகிறது. சொந்த ஊர்க் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கச் சட்டத்தின் 95ஆவது பிரிவு வழிசெய்கிறது; சிறுமி எனில் பெண் காவலர் உடன் செல்வது கட்டாயம்.

2018இல் டெல்லி காவல்துறை முக அடையாளத் தொழில்நுட்பத்தைச் சோதித்தது. காப்பகங்களில் இருந்த சுமார் 45,000 குழந்தைகளின் படங்களை ஒப்பிட்டு, 4 நாள்களில் 2,930 பேரை அடையாளம் கண்டது. ஆனால், வீடு எது என்பதை மட்டுமே கணினி சொல்லும். அந்த வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை மனிதர்தான் சென்று பார்த்தறிய வேண்டும்.

அவசரமாக அனுப்புவதில் உள்ள சிக்கல் கொரோனா காலத்தில் வெளிப்பட்டது. காப்பகங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் குடும்பத்தாரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பொருளாதார நிலையைக் கருதி, வீடு திரும்பிய குழந்தையின் கல்விக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்குமாறு 2020 டிசம்பரில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வறுமையால் பிரிந்த குழந்தையை அதே வறுமைக்குள் அனுப்பினால், அது மீண்டும் ரயிலேறக்கூடும்.

தற்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாயையும், பிற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அவசர உதவிக்கு 1098 எண்ணை அழைக்கலாம்.

2024ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்கள், தனி நபர்களும் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்க அனுமதித்தன. வளர்த்தவர் தத்தெடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைத்தன. எனினும், தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தைகளுக்கே இது பொருந்தும்.