போய்ப் பார்த்துட்டு வந்த குழந்தை: ரஷ்யா, டிசம்பர் 2012

இன்னைக்கு எபிசோட் 2012 டிசம்பர் 28-ல் போடப்பட்ட ஒரு கையெழுத்து பற்றியது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அறையை மனசுல கொண்டு வாங்க.

ரஷ்யாவில் ஏதோ ஒரு ஊர். அங்க ஒரு அரசு குழந்தைகள் இல்லம். பிறந்ததுலேர்ந்து மூணு, நாலு வயசு வரைக்கும் பெற்றோர் இல்லாத, இல்லைன்னா பெற்றோர் விட்டுட்டுப் போன பிள்ளைகள் வளர்ற இடம். ஓர் அமெரிக்கத் தம்பதி தரையில உட்கார்ந்திருக்காங்க. எதிர்ல ரெண்டு வயசுக் குழந்தை, டவுன் சிண்ட்ரோம் இருக்கிற குழந்தை. இவங்களுக்கு ரஷ்யன் தெரியாது, குழந்தைக்கு இன்னும் எந்த மொழியும் சரியா வரலை. பந்தை உருட்டி விடறாங்க, அது திரும்பி வருது. சில நாள் இப்படிப் போய்ப் பார்த்துட்டு, ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, ஊருக்குத் திரும்பி கோர்ட் தேதிக்காகக் காத்திருக்காங்க. இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தோட கதை இல்லை. 2012 முடியறப்போ, இருநூறுக்கும் மேற்பட்ட ரஷ்யப் பிள்ளைகள் இப்படி ஓர் அமெரிக்கக் குடும்பத்தைச் சந்திச்சிருந்தாங்க.

இந்தச் சந்திப்பு சும்மா ஆசைக்குப் போறது இல்லை. ரஷ்ய நடைமுறையே அப்படித்தான். முதல் பயணத்துல, அந்தப் பிராந்தியத்து அதிகாரிகள்கிட்ட அனுமதி வாங்கி, குழந்தையோட மெடிக்கல் விவரங்களைப் பார்த்து, குழந்தையை நேர்ல சந்திச்சு, சம்மதம்னு எழுதிக் கொடுக்கணும். அடுத்த பயணம் கோர்ட்டுக்கு. தீர்ப்பு வந்தாலும் அது அமலுக்கு வர 30 நாள் ஆகும்கிறதால, பல பேருக்கு மூணாவது பயணமும் உண்டு. பார்க்காம, பழகாம யாரும் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு அரசே வச்ச விதி. நல்ல விதிதான். அதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஏன் வெளிநாட்டுக்காரங்க? ரஷ்யச் சட்டப்படி முதல் உரிமை ரஷ்யக் குடும்பங்களுக்கு. குழந்தையோட விவரம் பல மாதங்கள் அரசுத் தரவுத்தளத்துல இருந்தும் உள்ளூர்ல யாரும் வரலைன்னாதான் வெளிநாட்டுக்குப் போகலாம். அதனால மிஞ்சினது பெரும்பாலும் வயசு கூடின பிள்ளைகள், நோய் இருக்கிற பிள்ளைகள், ஸ்பெஷல் நீட்ஸ் இருக்கிற பிள்ளைகள். குறையோட பிறந்த குழந்தையை 'இல்லத்துல விட்டுடுங்க, இன்னொண்ணு பெத்துக்கலாம்'னு டாக்டர்களே சொல்ற பழக்கம் சோவியத் காலத்துலேர்ந்து வந்தது. அப்படி விடப்பட்ட பிள்ளை நாலு வயசுக்கு மேல 'இன்டர்னாட்'னு சொல்ற வேற நிறுவனத்துக்கு மாறும். அங்கிருந்து யாராவது வந்து கூட்டிட்டுப் போறது அபூர்வம். அதனால அந்த முதல் சந்திப்பு நாலு வயசுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறது குழந்தைக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

இப்போ டிசம்பர் மாசத்துக்கு வருவோம். செர்கெய் மக்னீட்ஸ்கி, ஒரு வரி ஆலோசகர், அரசு அதிகாரிகள் செஞ்ச மோசடியை அம்பலப்படுத்தி, கைதாகி, 2009 நவம்பர்ல மாஸ்கோ சிறையில செத்துப் போனார். அதுக்குத் தொடர்புடைய ரஷ்ய அதிகாரிகள் மேல தடை போடற சட்டத்துல ஒபாமா 2012 டிசம்பர் 14-ல் கையெழுத்துப் போட்டார். ரஷ்யா பதிலடி தேடுச்சு. கிடைச்சது தத்தெடுப்பு. டிசம்பர் 21-ல் டூமாவில் 420-க்கு 7 ஓட்டு. மேலவையில ஒரு எதிர் ஓட்டு கூட இல்லை. 28-ல் புதின் கையெழுத்து. 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்க முடியாது. ரெண்டே வாரம், மக்களே! எங்க ஆபீஸ்ல ஒரு பட்டனோட கலரை மாத்த அப்ரூவல் வாங்க அதைவிட நேரம் ஆகும்.

சட்டத்துக்கு மக்கள் வச்ச பேர் தீமா யாகவ்லெவ் சட்டம். தீமாவுக்கு ஒண்ணே முக்கால் வயசு. அமெரிக்காவுக்கு வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. 2008 ஜூலைல, வர்ஜீனியாவில், டேகேர்ல விடாம வளர்ப்பு அப்பா மறந்துபோய் ஆபீஸ் போயிட்டார். வெயில்ல காருக்குள்ளேயே குழந்தை இறந்துடுச்சு. அவர் குற்றவாளி இல்லைன்னு அமெரிக்க கோர்ட் சொன்னப்போ ரஷ்யாவில் வந்த கோபம் நியாயமானதுதான். 2010-ல் டென்னசியிலிருந்து ஒரு வளர்ப்புத் தாய், ஏழு வயசுப் பையனைத் தனியா ஃப்ளைட்ல ஏத்தி, கையில ஒரு கடிதம் கொடுத்து மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பினாங்க. பொருள் ரிட்டர்ன் பண்ற மாதிரி. இதையெல்லாம் மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொன்னா அது ஏமாத்து வேலை.

ஆனா அந்தக் கோபத்துக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்துச்சு. ரெண்டு நாடும் பேசி 2011 ஜூலைல ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. தத்துக்குப் பிறகு கண்காணிப்பு, பெற்றோருக்குப் பயிற்சி எல்லாம் அதுல உண்டு. அது அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 1. ரெண்டு மாசம் கூட ஓட விடலை. குழந்தைப் பாதுகாப்புதான் காரணம்னா இந்த அவசரம் எதுக்கு?

என்னை உறுத்தற இடம் இதுதான். நாங்க ஒரு பழைய சிஸ்டத்தை மூடறப்போ முதல் கேள்வி, 'பாதியில நிக்கிற ரிக்வெஸ்டை எல்லாம் என்ன பண்றது?' புதுசா எதையும் உள்ள விடாம, உள்ள இருக்கிறதை முடிச்சுட்டுத்தான் மூடுவோம். இந்தச் சட்டத்துல அந்த வரி இல்லை. ஜனவரி 22-ல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்துச்சு: ஜனவரி 1-க்கு முன்னாடி கோர்ட் தீர்ப்பு வந்த குழந்தைகள் போகலாம். அவ்வளவுதான். அதனால டிசம்பர் கடைசில தீர்ப்பு வாங்கின குடும்பம் குழந்தையோட ஊருக்குப் போச்சு. ஜனவரில தேதி கிடைச்ச குடும்பம், அதே மாதிரி போய்ப் பார்த்து, பழகி, கையெழுத்துப் போட்ட குடும்பம், போகலை. நேர்ல வந்து பழகிட்டுப் போங்கன்னு சொன்னது அதே அரசு. பழகினதுக்கு அப்புறம் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

ரஷ்யர்கள் எல்லாரும் சும்மா இருந்துடலை. ஜனவரி 13 அன்னைக்கு, உறையற குளிர்ல, மாஸ்கோவில ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்க. ஓட்டுப் போட்ட எம்.பி.க்களோட படத்தைத் தூக்கிக்கிட்டு. சட்டம் மாறலை.

45 அமெரிக்கர்கள் ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனாங்க. இவங்க காத்திருந்த பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்குத் தொடர் மருத்துவக் கவனிப்பு தேவை. 2017 ஜனவரி 17-ல் தீர்ப்பு: நாட்டைக் காரணம் காட்டிக் காட்டின பாகுபாடு, செல்லாது. ஆனா தீர்ப்புக்குள்ள இன்னொரு விஷயம் இருக்கு. குழந்தையோட இருந்த காலம் குறைவுங்கிறதால இதைக் 'குடும்ப வாழ்க்கை'ன்னு கோர்ட் ஏத்துக்கலை. 'தனிப்பட்ட வாழ்க்கை'ங்கிற பிரிவுக்குக் கீழதான் வழக்கு ஜெயிச்சுது. ஒரு குடும்பத்துக்கு 3,000 யூரோ இழப்பீடு. குழந்தையை ஒப்படைக்கணும்னு உத்தரவு எதுவும் இல்லை. சட்டப்படி பார்த்தா சரியா இருக்கலாம். எனக்கு அந்த 'காலம் குறைவு'தான் தொண்டையில நிக்குது. குறைவா இருந்ததுக்கு யார் காரணம்?

ரஷ்யத் தரப்பு சொல்றதுலயும் பாதி உண்மை உண்டு. தடைக்கு அப்புறம் உள்நாட்டுத் தத்தெடுப்பை ஊக்குவிச்சாங்க, காத்திருந்த பிள்ளைகள்ல சிலரை ரஷ்யக் குடும்பங்களே எடுத்துக்கிச்சு. அடுத்த பத்து வருஷத்துல தரவுத்தளத்துல இருந்த பிள்ளைகளோட எண்ணிக்கை பாதிக்கும் கீழ வந்துடுச்சு. மிஞ்சி நிக்கிறது பெரும்பாலும் பதின்வயசுப் பிள்ளைகளும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும்.

2024-ல் சீனாவும் வெளிநாட்டுத் தத்தெடுப்பை மூடிடுச்சு, நெருங்கின உறவினர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கேயும் கோவிடுக்கு முன்னாடியே பிள்ளை யாருன்னு முடிவாகிக் காத்திருந்த நூத்துக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைகள். அதைத் தனி எபிசோடா பேசலாம்.

ரஷ்யச் சட்டம் இன்னும் அமல்லதான் இருக்கு. 2012-ல் ஆறு வயசா இருந்த பிள்ளைக்கு 2024-ல் 18 முடிஞ்சுடுச்சு. போக வீடு இல்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பல பேரை 18 ஆனதும் பெரியவங்களுக்கான இன்டர்னாட்டுக்கு மாத்திடறாங்க.